பதினேழாவது இலை

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஜுல்பிகர் இருபத்தாறு வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டியெறிந்து, புதுச் செப்புக் கம்பியை எண்ணிச் சுற்றி, ஒவ்வொரு சுருளையும் மோட்டாருக்குள் அதனதன் பள்ளத்தில், ஸ்லாட்டில், அடைத்து, வார்னிஷ் ஊற்றித் தருவது அவர் வேலை. அவர் கட்டிய காயில் எரிந்து திரும்பி வந்ததில்லை என்று சங்கராபுரம் வரைக்கும் சொல்வார்கள். அப்படி ஒரு பேர் இருந்ததாலோ என்னவோ, தன் கையால் ஒரு தப்பு நடந்தது என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு வரவே இல்லை. யாராவது குறை சொன்னால் குரலை உயர்த்துவார். நாற்பத்தேழாவது வயதில், கால் முறிந்து வீட்டில் கிடந்த காலத்தில், அந்தக் குணம் அவரை நன்றாக மாட்டிவிட்டது. அதுவும் மனைவி பின்னிக்கொண்டிருந்த ஒரு சால்வையில்.

கால் முறிந்தது ஜனவரியில். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் சாமையும் மரவள்ளியும் போடுகிற ராமனின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதைப் பைக்கின் பின்னால் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கும்போது, ஒரு வளைவில் கயிறு தளர்ந்து பாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. வண்டியும் மோட்டாரும் சேர்ந்து அவர் தொடைமேல் விழுந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தன் வண்டியில் பின்னால் வந்த ராமன்தான் அவரைத் தூக்கி ஒரு வேனில் போட்டுக் கீழே கொண்டுவந்தார். தொடை எலும்புக்குள் ராடு வைத்தார்கள். மே மாதம் வரை கடைப்பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “ராமன் கயித்த லூசா கட்டிட்டான்” என்று ஜுல்பிகர் சொன்னார். பக்கத்தில் நின்ற ராமன் மறுக்கவில்லை. அவருடைய மோட்டாரைக் கொண்டுபோய்க் கடைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

ஜுல்பிகரின் மனைவி அத்தியா குன்னூரில் பிறந்தவள். அங்கே பள்ளிக்கூடத்திலேயே கம்பளி பின்னக் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகும் ஊசியை விடவில்லை. இந்த ஊர் வெயிலில் கம்பளி நூலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள். குன்னூரில் மே மாதம் ஒரு கைவேலைக் கண்காட்சி நடக்கும். சிறுமியாக இருந்தபோது அங்கே தொங்கிய லேஸ் சால்வை ஒன்றின் முன்னால் நின்று, இதைப் போல் ஒன்று நானும் செய்து இங்கே தொங்கவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாளாம். இருபது வருடம் குல்லாவும் ஸ்வெட்டருமாகப் பின்னிக்கொண்டிருந்துவிட்டு, போன நவம்பரில்தான் தைரியம் வந்து ஆரம்பித்தாள்.

நடுவில் எட்டுக் கண்ணியில் தொடங்கி வட்டமாக விரியும் சால்வை அது. நூல் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். எங்கே நூலை ஊசிமேல் போட்டு ஓட்டை விடுவது, எங்கே இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்குவது என்பதெல்லாம் கட்டம் போட்ட ஒரு தாளில் குறி குறியாக இருக்கும். உள்வட்டங்கள் முடிந்ததும் வெளியே இருபத்துநாலு இலைகள். இலைக்கு இருபத்துநாலு கண்ணி. ஆக ஒரு சுற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தாறு. மொத்தம் நூற்றெழுபது சுற்று.

பிப்ரவரி கடைசிவரை எழுபது சுற்று முடித்திருந்தாள். கணவரைத் தூக்கி உட்கார வைப்பது, வெந்நீர் வாளி தூக்குவது, கடைக்கும் மருந்துக்கும் ஓடுவது என்று எல்லாம் அவள் தலையில் விழுந்ததில், ஒருநாள் காலையில் வலதுகைக் கட்டைவிரல் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. டாக்டர் ஊசி போட்டு, விரலை நீட்டி வைத்துப் பட்டை கட்டினார்.

“ஆறு வாரம் இந்தக் கையால எந்த வேலையும் கூடாது. பின்னல் கின்னல்னு எதையும் தொடாதீங்க” என்றார்.

அத்தியா அழவில்லை. சால்வையை ஒரு தலையணை உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தாள். நோன்பு மாதம் ஆரம்பித்திருந்தது. நாலு நாள் அவள் பீரோப் பக்கம் பார்க்காமலே நடமாடுவதைக் கட்டிலில் கிடந்த ஜுல்பிகர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், “அந்தக் கட்டம் போட்ட தாள எடு” என்றார்.

“எதுக்குங்க?”

“எடேன். வைண்டிங் டயகிராம் மாதிரிதான இருக்கு.”

அவள் சிரித்தாள். ஆனால் எடுத்துக்கொடுத்தாள். மிச்ச நூலில் உள்ளங்கை அகலத்துக்குப் பின்னிப் பழகினார். முதல் நாள் கயிறு போல் முறுக்கிக்கொண்டது. விரல்களுக்குப் பழக்கம் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. அதன் பிறகு கண்ணிகள் அச்சில் வார்த்தது போல் விழுந்தன, ஆனால் இறுக்கமாக. அத்தியா ஸ்கேல் வைத்து அளந்தாள்.

“உங்க கை ஜாஸ்தி இறுக்குது. ஒரு சைஸ் பெரிய ஊசி போட்டா என் அளவுக்கு வந்துடும்.”

வந்தது. பெருநாள் முடிந்த மறுவாரம் சால்வையை அவர் மடியில் வைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணு. பத்து சுத்துக்கு ஒருக்கா, எல்லாக் கண்ணி வழியாவும் ஒரு வெள்ளை நூல ஓட்டி விட்டுடணும். பின்னாடி எங்கனா தப்பு வந்தா, அந்த நூல் வரைக்கும் தைரியமாப் பிரிக்கலாம். அது இல்லாமப் பிரிச்சா கண்ணி ஓடிப்போயிடும். அப்புறம் பிடிக்க முடியாது.”

“செரி, செரி.”

எண்பதாவது சுற்றில் ஓட்டினார். தொண்ணூறில் ஓட்டினார். ஐந்நூற்று எழுபத்தாறு கண்ணிக்குள்ளும் ஊசியை நுழைத்து எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் ஒன்றரைச் சுற்று பின்னிவிடலாம். இருபத்தாறு வருடம் கம்பி எண்ணிய கைக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. நூறாவது சுற்றில் ஓட்டாமல் மேலே போனார்.

அடுத்த சுற்றில் ராமன் போனில் கூப்பிட்டார்.

“காலு எப்டி இருக்குது பாய்?”

“பரவால்ல ராமா. வாக்கர வச்சிக்கினு நடக்கிறேன். மலைல மழ உண்டா?”

“எங்க? ஒரு துளி இல்ல.”

கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்துவிட்டார். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஜுல்பிகர் சத்தம் போட்டிருப்பார், மறந்தும் போயிருப்பார். கேட்காததுதான் உறுத்தியது. அந்த உறுத்தலோடே ஊசியை எடுத்தார்.

மறுநாள் எண்ணிப் பார்த்தபோது பதினேழாவது இலையில் ஒரு கண்ணி குறைந்தது. நூலை ஒரு தரம் கூடுதலாகச் சுழற்றி எண்ணிக்கையைச் சரிக்கட்டினார். கணக்கு சரியாகிவிட்டது. தொடர்ந்து பின்னினார்.

நாலு நாள் கழித்து, சுற்று நூற்றுப் பதினைந்தைத் தாண்டியிருந்தபோது, மடியில் கிடந்த சால்வையின் மேல் ஜன்னல் வெயில் விழுந்தது. மற்ற இலைகளின் நடு நரம்பு நேராகப் போனது. பதினேழாவதில் மட்டும் நரம்பு அடியிலேயே ஒரு கண்ணி விலகி, மேலே போகப் போகச் சாய்ந்து, பக்கத்து இலையை உரசிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சரி, இடம் தப்பு. காயில் வேலையில் இதைவிட மோசமானது கிடையாது. சுற்று குறையாமல் இருக்கும், வெளியே பார்க்க அழகாகவும் இருக்கும். சுருள் ஸ்லாட் மாறி உட்கார்ந்திருந்தால் மோட்டார் போட்ட உடனே உறுமும், பிறகு எரியும்.

சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனால் அத்தியா அறைக்குள் வரும்போதெல்லாம் அவர் கை தானாகவே அந்தப் பக்கத்தை மடித்துத் தொடைக்குக் கீழே தள்ளியது. அவள் மத்தியான நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பட்டை கட்டிய கையால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். “என்னால இவ்ளோ சீரா வராதுங்க” என்பாள். அவருக்குச் சோறு இறங்காது. மருந்தால்தான் இப்படி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விரல் பட்டையை அவிழ்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கல்லூரியில் பி.காம் படிக்கும் மகள் சபா செல்போனோடு வந்தாள்.

“அத்தா, கட்டில் மேல விரிங்க. குன்னூர் மாமாவுக்கு போட்டோ அனுப்பணும்.”

“முடியட்டும். அப்புறம் எடுத்துக்கலாம்.”

“அஞ்சு நிமிஷங்க” என்று அத்தியா கையை நீட்டினாள்.

“முடியட்டும்னு சொல்றேன் இல்ல! ஒரு வேலைய செய்ய உடாம ஆளாளுக்கு!”

தெருவரைக்கும் கேட்டிருக்கும். சபா பின்வாங்கினாள். அத்தியா நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

“நீங்க எப்போ சத்தம் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். கொடுங்க.”

விரித்தாள். முதல் இலையிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். பதினேழில் விரல் நின்றது. கீழே குனிந்து சாய்ந்த நரம்பைப் பின்தொடர்ந்து அடிவரைக்கும் போனாள். பிறகு வெள்ளை நூலைத் தேடினாள்.

“நூல் எங்க?”

அவர் கட்டம் போட்ட தாளை எடுத்து மடித்தார்.

“தொண்ணூறுக்கு மேல நூலே இல்லையே. நூறுல எங்க? நூத்திப் பத்துல எங்க?”

“நேரம் ஆவுதுன்னு...”

“எப்போ பார்த்தீங்க இத?”

“நாலு நாளு ஆச்சு.”

“தப்பு யாருக்கும் வரும். நூல் ஏன் ஓட்டல? பார்த்தப்புறமும் ஏன் சொல்லல? பக்கத்துல உக்காந்து நான் பாட்டுக்குப் புகழ்ந்துகினு இருந்தேனே, கேட்டுகினுதானே இருந்தீங்க!” அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவரை அடித்தது.

சால்வையை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம்வரை அவரோடு பேசவில்லை.

சபாதான் காலண்டரை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். நனைத்து, இழுத்துக் காயவைத்து, பார்சல் போட வேண்டுமென்றால், மே நாலாம் தேதிக்குள் பின்னி முடிக்க வேண்டும். கையில் பதினாலு நாள். ஒரு நாளைக்கு ஐந்து சுற்று. இருக்கிற நூல்வரைக்கும் பிரித்தால் இன்னும் எண்பது சுற்று; பதினாறு நாள். நூறாவது சுற்றில் நூல் இருந்திருந்தால் சரியாகப் பதினாலு நாள்.

“இப்படியே அனுப்பிடலாமாம்மா?” என்று சபா கேட்டாள்.

“அனுப்ப மாட்டேன்” என்றாள் அத்தியா. பத்து மணி நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கணவரைப் பார்த்துச் சொன்னாள்: “அந்த ஒரு இலைய மட்டும் எறக்கலாம். இருபத்துநாலு கண்ணிய மட்டும் அவுத்து, அடிவரைக்கும் ஓட விட்டு, திரும்ப ஏத்திக்கினு வரணும். குல்லால செஞ்சிருக்கேன். லேஸ்ல செஞ்சதில்ல. போனா மொத்தமும் போயிடும்.”

“நான் செய்றேன்.”

“உங்களுக்குப் பின்னலப் படிக்கத் தெரியாது. எனக்கு விரல் முழுசா வரல. ரெண்டு பேரும்தான் செஞ்சாவணும்.”

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார்கள். சபா கல்லூரிக்குப் போகுமுன் கடையைத் திறந்து, அத்தா சொன்னபடி மெல்லிய செப்புக் கம்பி ஒரு சுருளும் நம்பர் எழுதுகிற டேப்பும் எடுத்து வந்து கொடுத்திருந்தாள். மேசைமேல் தெர்மகோல் அட்டை. அதன்மேல் இலையை விரித்துச் சுற்றிலும் குண்டூசி குத்தினார்கள். இலையின் இரண்டு பக்கமும், பக்கத்து இலைகளின் கண்ணிகள் வழியாக, ஜுல்பிகர் செப்புக் கம்பியை அடிவரை ஓட்டினார். வார்னிஷ் பூசிய கம்பி, நூலில் சிக்காது. காற்றில் நூல் அலையக் கூடாது என்று ஃபேனை நிறுத்தினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். ஏப்ரல் மாதம். சிறிது நேரத்திலேயே அறை கொதித்தது.

“எடுக்கட்டுமா?”

“பிஸ்மில்லா சொல்லி எடுங்க.”

இருபத்துநாலு கண்ணியை ஊசியிலிருந்து விட்டார். அவை வாயைத் திறந்துகொண்டு நின்றன. அத்தியா ஒவ்வொரு சுற்றாக நூலை இழுத்து அவிழ்க்க, அவிழ்ந்த இழையை அவர் குண்டூசியில் மாட்டி டேப்பில் எண் எழுதி ஒட்டினார். நூற்று முப்பத்தைந்து, நூற்று முப்பத்துநாலு... மோட்டாரைப் பிரிக்கும்போது கம்பி முனைகளுக்கு இப்படித்தான் எண் போடுவார். பதினொரு மணிக்கு இலை இருந்த இடத்தில் ஏணிப்படி போல வெறும் இழைகள் தொங்கின. நெற்றி வியர்வை சால்வையில் சொட்டாமலிருக்க இருவரும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள்.

கடைசிச் சுற்றை அவிழ்த்தபோதுதான் அது நடந்தது. தப்பு நடந்த இடத்துக்குக் கீழே, ஓட்டைக்கு மேல் நின்ற ஒரு கண்ணி நிற்காமல் கீழே ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று படி. அத்தியா ஊசியை நீட்டினாள். கட்டைவிரல் மடங்க மறுத்தது. ஜுல்பிகர் கையிலிருந்த இடுக்கியால் அந்த மயிரிழையைக் கவ்விப் பிடித்தார்.

“பிடிச்சிட்டீங்களா?”

“ம்.”

“அசையாதீங்க. மூச்சு கூட விடாதீங்க.”

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டப்பட்டது.

“பாய்! வூட்ல இருக்கீங்களா? ராமன் வந்துகிறேன்!”

கதவுத் தாழ்ப்பாள் போடவில்லை. திறந்தால் தெருக் காற்று நேராக மேசைக்குத்தான் வரும்.

“ராமண்ணே, அப்டியே நில்லுங்க! கதவத் தள்ளாதீங்க!” என்று அத்தியா கத்தினாள்.

“இன்னாச்சும்மா? பாய்க்கு ஒடம்பு முடியலையா?”

“ஒடம்பு நல்லாத்தான் இருக்குது! கதவ மட்டும் தள்ளாதீங்க!”

வெளியே சத்தமில்லை. இடுக்கியைப் பிடித்த ஜுல்பிகரின் கை மரத்துக்கொண்டு வந்தது. அத்தியா ஊசியை இடதுகைக்கு மாற்றி, வலதுகையின் மற்ற நாலு விரலால் தாங்கி, ஓடிய மூன்று படிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். முதல் படி வழுக்கியது. மறுபடி எடுத்தாள். மூன்றாவது ஏறி, கண்ணி ஊசியில் உட்கார்ந்ததும்தான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

இருபத்துநாலு கண்ணியும் பத்திரமான பிறகு, வாக்கரை ஊன்றிக்கொண்டு ஜுல்பிகர் வெளியே வந்தார். ராமன் ஒரு சாமை மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“உள்ள யாருக்காச்சும் ஆபரேஷனா பாய்?”

“அப்டித்தான் வச்சிக்கோ.” ஜுல்பிகர் சிரிக்கவில்லை. “மரவள்ளி எப்டி இருக்குது?”

ராமன் தரையைப் பார்த்தார். “பாதி காஞ்சிடுச்சு.”

“மூணு மாசமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“என்னாலதான கால் போச்சு. எந்த மூஞ்ச வச்சிக்கினு கேக்கறது?”

ஜுல்பிகர் வாக்கரை நகர்த்தி இன்னும் கிட்டே வந்தார். பிறகு சொன்னார். “நீ கட்டின கயிறு டைட்டாதான் இருந்துச்சு ராமா. பாதி வழில டீ குடிக்க நிறுத்துனப்ப நான்தான் அவுத்து மாத்திக் கட்டினேன். லூசா கட்டினது நான். எனக்கு அன்னைக்கே தெரியும்.”

ராமன் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று ஜுல்பிகர் எதிர்பார்த்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராமன், “தெரிஞ்சிகினே சொல்லாம இருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாம்.”

ஜுல்பிகர் கடைச் சாவியைக் கொடுத்தார். “மோட்டார எடுத்துக்கினு சங்கராபுரம் போ. கொளஞ்சியப்பன்னு ஒருத்தர், நல்லா கட்டுவார். நான் போன் பண்ணிச் சொல்றேன். எனக்காகக் காத்துக்கினு இருந்தது போதும்.” தன்னிடம் வந்த மோட்டாரை இன்னொருவர் கடைக்கு அவர் அனுப்பியது அதுதான் முதல் தடவை.

உள்ளே திரும்பி உட்கார்ந்தார். அத்தியா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தாளைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு இழையாக எடுத்து அவர் பின்னினார். “ரெண்டு சேர்த்து ஒண்ணு. நூல் முன்னாடி. மூணு நேரா.” எண்ணூற்று நாற்பது கண்ணி. சாயங்காலம் சபா கல்லூரியிலிருந்து வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தபோது ஐந்து சுற்று பாக்கி இருந்தது. அவளும் மூச்சுவிடாமல் நின்று பார்த்தாள். கடைசிக் கண்ணி பெரிய ஊசிக்கு மாறியதும் அத்தியா எழுந்து ஃபேன் ஸ்விட்சைப் போட்டாள்.

நரம்பு நேராக நின்றது. மற்ற இலைகளைவிடக் கொஞ்சம் தொளதொளப்பு இருந்தது. மீதி முப்பத்தைந்து சுற்றையும் ஜுல்பிகர் பின்னினார். பத்து சுற்றுக்கு ஒருமுறை நூல் ஓட்டினார். நனைத்து, கட்டில் மெத்தைமேல் நாலு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தபோது தொளதொளப்பும் அடங்கிவிட்டது.

கண்காட்சிக்கான படிவத்தை சபா நிரப்பினாள். செய்தவர் பெயர் என்று ஒரே ஒரு கோடு இருந்தது.

“ரெண்டு பேரையும் எழுது” என்றாள் அத்தியா.

“ஒருத்தரே செஞ்சதாத்தான் இருக்கணுமாம்மா. ரெண்டு பேர் போட்டா பரிசுக்கு எடுத்துக்க மாட்டாங்க.”

“அவ பேர மட்டும் போடு” என்றார் ஜுல்பிகர்.

“இந்த சால்வைல மறைச்சது போதும்” என்று அத்தியா பேனாவை வாங்கித் தானே எழுதினாள்.

மே மாத நடுவில் மூவரும் பஸ் மாறி மாறிக் குன்னூர் போய்ச் சேர்ந்தார்கள். ஜுல்பிகர் கைத்தடியோடு நடந்தார். சால்வையைச் சுவரில் முழு வட்டமாக விரித்து மாட்டியிருந்தார்கள். பக்கத்தில், ‘பார்வைக்கு மட்டும்’ என்று ஒரு சீட்டு. அத்தியா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். வருகிறவர்கள் நின்றார்கள், போட்டோ எடுத்தார்கள், நகர்ந்தார்கள். ஒவ்வொருவரும் கிட்டே போகும்போது ஜுல்பிகரின் கண் பதினேழாவது இலைக்குப் போய்வந்தது.

மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு வயதான அம்மாள் வந்தார். மூக்கு நூலில் படும் அளவுக்குக் குனிந்து, வெளி ஓரத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இலைகளைத் தாண்டினார். நடுவட்டத்துக்கு வந்ததும் நின்றார்.

“ரொம்ப நல்ல வேலை. இந்த எடத்துல மட்டும் ஒரு ஓட்டை விட்டுப் போச்சு, பாருங்க” என்று விரலால் காட்டினார்.

நடுவட்டம் அத்தியா பின்னியது. நவம்பரில், இரண்டு கையும் நன்றாக இருந்தபோது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். உண்மைதான். ஆறு மாதமாகத் தினமும் பார்த்தும் கண்ணில் படவில்லை.

ஜுல்பிகர் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

“ஒரு வார்த்த பேசினீங்க...” என்றாள் அத்தியா. அதற்குமேல் அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.